மண்டோரைத் தூங்க வச்ச அக்கா

ஒரு மோட்டார் வண்டி நகரலைன்னா நாமெல்லாம் என்ன செய்வோம்? பின்னாலருந்து தள்ளுவோம். அந்த அக்கா தள்ள மாட்டாங்க. குனிஞ்சு சக்கரத்துல என்ன மாட்டியிருக்குன்னு பாப்பாங்க. "யாருலா புடிச்சு வச்சிருக்கா?" இதுதான் அவங்க வாயில எப்பவும் வர்ற கேள்வி. கதவு தொறக்கலையா, கல்யாணம் நடக்கலையா, பெரியவரு கையெழுத்துப் போடலையா, எல்லாத்துக்கும் ஒரே கேள்விதான்.

அக்கான்னு சொல்றேனே தவிர, என்னைவிட வயசுல சின்னவங்க. ஈப்போவுல நாங்க வேலை செஞ்ச ஆஸ்பத்திரியில தலை நரைச்ச டாக்டருங்ககூட அவங்களை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. அந்த மூஞ்சிக்கு வேற பேரு ஒட்டாது. குள்ளமா, உருண்டையா, ஜோக்கு சொல்ல ஆரம்பிக்கறதுக்கு முந்தியே சிரிச்சு முடிச்சிருவாங்க. அப்புறம் நாமதான் என்ன ஜோக்குன்னு கெஞ்சிக் கேக்கணும். வெள்ளைக் கோட்டுப் பாக்கெட்டுல ஒரு பக்கம் ஜெபமாலை, இன்னொரு பக்கம் புந்தோங் கடையில வாங்கின கச்சாங் பூத்தே கடலை. மாத்திரை எண்ணிக்கிட்டே கடலை கொறிப்பாங்க. இதுவரைக்கும் ரெண்டும் மாறிப் போனதா யாரும் புகார் கொடுக்கல.

அவங்க பார்மசிஸ்ட். நான் அவங்க பக்கத்துல கவுண்டர்ல நின்னு நம்பர் கூப்பிட்டு மருந்து கொடுக்கறவ. எனக்குப் பொறுமை கிடையாது, அதை நானே சொல்லிடறேன். நம்பரைக் கூப்பிட்டா உடனே வரணும். வரலைன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். "காது என்ன கடன் கொடுத்துட்டியா?"ன்னு கேட்டுருவேன். அக்கா உள்ள இருந்து, "கத்தாதலா, முன்னுக்கு எவனாவது மறைச்சிருப்பான்"னு சொல்லுவாங்க. எட்டிப் பாத்தா நெசமாவே எவனாவது ஒரு தடியன் கவுண்டரை மறைச்சிக்கிட்டு நிப்பான்.

இதுல ஒரு வேடிக்கை. அவங்ககிட்ட ஒரு ஸ்கூட்டர் இருந்துச்சு. அதுக்கு பிரேக்கே புடிக்காது. சிக்னல்ல ரெண்டு காலையும் கீழ விட்டு, செருப்பைத் தேச்சுத்தான் நிறுத்துவாங்க. பாசாலுக்கு, அதான் சந்தைக்கு, என்னைப் பின்னால ஏத்திக்கிட்டுப் போனா, நானும் சேந்து காலைத் தேய்க்கணும். "அக்கா, சரி பண்ணுங்களேன்"னா, "சூசாலா, பெரிய தொந்தரவு, பட்டறைக்காரன் நாலு நாள் வண்டியை வச்சுக்குவான்"னுவாங்க. ஊருல இருக்கற எல்லா பிரேக்கையும் தேடிக் கண்டுபுடிக்கிற பொம்பளை, சொந்த வண்டியில செருப்பைத் தேச்சுக்கிட்டு அலைஞ்சாங்க. பின்னாளுல அவங்க ஆஸ்திரேலியாவுக்குப் போனப்போ, அந்த ஊரு ரோட்டுல செருப்பு தாங்குமான்னுதான் எனக்குக் கவலை.

அவங்க வழி எப்படின்னு நான் முதல்ல பாத்தது ஒரு சீனக் கிழவர் விசயத்துல. ரத்த அழுத்தம். மாசா மாசம் மருந்து வாங்கிட்டுப் போவாரு, ஒண்ணுகூட முழுங்க மாட்டாரு. டாக்டர் திட்டிப் பாத்துட்டாரு, நான் கத்திப் பாத்துட்டேன். அக்கா கிழவரை ஏறெடுத்தும் பாக்கல. பின்னால குடையைப் புடிச்சிக்கிட்டு நின்ன அவரு பொண்டாட்டிக்கு ஒரு நாற்காலி போட்டாங்க. அந்தம்மா வீட்டுல வேரு, பட்டையெல்லாம் போட்டு சூப்பு காய்ச்சுவாங்களாம். ஆஸ்பத்திரி மாத்திரை சூப்போட சக்தியைக் கெடுத்துரும்னு அவங்களுக்கு ஒரு பயம். அக்கா தனக்குத் தெரிஞ்ச அரைகுறை கேண்டனீஸ்ல சூப்பு எப்படி வைக்கிறதுன்னு கேட்டாங்க. என்னென்ன போடறீங்கன்னு ஒண்ணொண்ணா விசாரிச்சுட்டு, "காலையில மாத்திரை, ராத்திரி சூப்பு, ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது"ன்னாங்க. அடுத்த மாசம் அந்தம்மாவே கிழவரோட வாயைத் தொறந்து மாத்திரையைப் போட்டேன்னு வந்து சொன்னாங்க. எங்களுக்கு ஒரு போத்தல் சூப்பும் வந்துச்சு. வாடை தாங்கல. அக்கா மட்டும் மூக்கைப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சாங்க.

இன்னொரு வாட்டி, எங்க வார்டு நர்ஸ் ஒருத்தியோட கல்யாணம். அப்பாக்காரர் வேணாம்னுட்டாரு. நாங்கெல்லாம் கூட்டமாப் போயி அவருகிட்டப் பேசலாம்னு கிளம்புனா, அக்கா தனியா கமுந்திங் பஸ் ஏறிட்டாங்க. அங்க அந்தப் பொண்ணோட அத்தை இருந்தாங்க. அந்த அத்தை ஒரு வார்த்தை சொன்னாத்தான் அண்ணன்காரர் மூச்சே விடுவாரு. அக்கா அங்க போயி கல்யாணத்தைப் பத்திப் பேசவே இல்லையாம். அத்தை வளக்குற கோழியைப் பத்தியே பொழுது சாயுற வரைக்கும் பேசியிருக்காங்க. திரும்பி வர்றப்போ கையில ரெண்டு முட்டை. அடுத்த வாரம் அத்தை, "ஏதோ பிள்ளைங்க இஷ்டம்"னு தந்தி மாதிரி ஒரு வார்த்தை விட்டாங்க. அப்பாக்காரர் தன்னாலே தாலிக்கு நாள் பாத்துட்டாரு. அவருக்கு உள்ளுக்குள்ள எப்பவோ சம்மதம்தான். மேல ஒரு ஆளு உக்காந்திருந்தாங்க, அவ்வளவுதான்.

இப்படி மனுசங்களைப் பாத்துப் பாத்து அவங்களுக்கு அந்தப் புத்தி வந்துச்சா, இல்ல படிச்சுப் படிச்சு வந்துச்சான்னு எனக்குத் தெரியாது. ஏன்னா அவங்க மாசா மாசம் சீமையிலருந்து வர்ற மருந்துச் சஞ்சிகைங்களை, நாம சினிமாப் புத்தகம் படிக்கிற மாதிரி படிப்பாங்க. மூளை சமாச்சாரம் வந்துட்டாப் போதும், சோத்துப் பொட்டலம் ஆறிப் போகும்.

அந்த மூளை சமாச்சாரம் என் காதுல விழ ஆரம்பிச்சது என் தம்பி மணியத்தால.

தொண்ணூறுகளோட கடைசியில, ஜெலாப்பாங்ல எங்க வீடு. அப்பா சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல வேலையாளுங்களை மேய்க்கிற மண்டோரா இருந்தவரு. தோட்டத்தைத் துண்டு போட்டு வித்ததும் இங்க வந்துட்டோம். தம்பி பக்கத்துல ஒரு ஃபேக்டரியில வேலை செஞ்சான். சேர்க்கை சரியில்ல. ஹெராயின் தூள் பழகிட்டான். போலீசு புடிச்சு, புனர்வாழ்வு மையத்துக்கு அனுப்பி, ஒரு வழியா சுத்தமாகி வெளிய வந்தான். வந்தவனை அப்பா வாசல்லயே நிறுத்திட்டாரு. "அவன் இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்." அம்மா அழுது பாத்தாங்க. நான் சண்டை போட்டுப் பாத்தேன். அப்பா காது கொடுக்கல. தம்பி ஒரு பட்டறைக்குப் பின்னால சின்ன அறையில தங்கினான். நான் தினமும் அடுக்கு மங்குல சோறு கொண்டு போவேன். மையத்துல சொல்லி அனுப்பியிருந்தாங்க, வீட்டுல சேத்துக்காத பிள்ளைங்க பழைய இடத்துக்கே திரும்பிருவாங்கன்னு. ஒவ்வொரு நாளும் அந்த அறைக் கதவைத் தட்டுறப்போ வாசல்ல அவன் செருப்பு கெடக்குதான்னு பாப்பேன். இன்னிக்கு இருப்பானா, மாட்டானா?

ஒரு மத்தியானம் அக்காகிட்ட எரிஞ்சு விழுந்தேன். "அந்தத் தூளுக்குள்ள அப்படி என்னதான் இருக்குக்கா?"

"அதுக்குள்ள ஒண்ணும் இல்லலா," அக்கா சோத்துப் பொட்டலத்தைத் தள்ளி வச்சாங்க. எனக்குத் தெரியும், இனி அவங்க சாப்பிட மாட்டாங்க. "சந்தோசம் நம்ம மூளையிலயே இருக்கு. ஆனா அந்தச் சந்தோசச் செல்லுக்குப் பக்கத்துல ஒரு காவல் செல்லு நிக்கும். 'சும்மா இரு, சும்மா இரு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கறதுதான் அதோட வேலை. அபின், மார்பின், தூள் எல்லாம் போயித் தொடறது சந்தோசத்தை இல்ல. அந்தக் காவல்காரனை."

"தொட்டு?"

"அவன் மேல ஒரு பூட்டு இருக்கு. இதெல்லாம் அந்தப் பூட்டுக்குச் சாவி. நம்ம உடம்பே அந்தச் சாவியைக் கொஞ்சமாச் செஞ்சு வச்சிருக்கு, வலி தாங்கறதுக்கு. சாவி உள்ள போகாது, வெளியவே நின்னு திருப்பும். திரும்பினதும் பூட்டுக்கு உள்பக்கம் காத்துக்கிட்டு இருக்கற பியூன் ரெண்டாப் பிரிஞ்சு ஓடுவான். ஒரு பாதி பின்கதவைத் தொறந்து விடும். உள்ள இருக்கற பொட்டாசியம் வெளிய போகும், செல்லு அடங்கிப் போயிரும். அதே பாதி முன்கதவைச் சாத்தும். கால்சியம் உள்ள வர முடியாது. கால்சியம் வந்தாத்தான் 'சும்மா இரு'ங்கற மூட்டை அவிழும். இன்னொரு பாதி, உள்ள ஓடுற ஒரு மிஷினை மெதுவாக்கும். அவ்வளவுதான். காவல்காரன் கொறட்டை விடுவான். புடிச்சு வச்ச ஆளு தூங்கிட்டா, புடிபட்டவ ஆடாம என்ன செய்வா?"

"அப்ப தூளை நிறுத்தினதும் தம்பி ஏன்க்கா அந்த மாதிரி துடிச்சான்?"

"தினமும் தூங்க வச்சா அந்தக் காவல் செல்லு விடுமா? போட்டிக்கு அந்த மிஷினைக் கூட்டிப் போட்டுக்கும். அப்புறம் ஒருநாள் சாவி வரலைன்னு வையி. அத்தனை மிஷினும் ஒண்ணா ஓடும். காவல்காரன் பழைய ஆளா எந்திரிக்க மாட்டான், பிசாசாட்டம் எந்திரிப்பான்." அப்புறம் கையைத் துடைச்சுக்கிட்டு, "எலி மூளையில பாத்ததுலா. எழுதினவங்களே 'இருக்கலாம்'னுதான் எழுதியிருக்காங்க. நானும் இருக்கலாம்னுதான் சொல்றேன்"னாங்க.

எனக்குப் பாதி புரிஞ்சுச்சு. மீதிப் பாதிக்கு அழுகை வந்துச்சு. "எங்கப்பாகிட்ட வந்து பேசுங்கக்கா"ன்னேன்.

வந்தாங்க. ஸ்கூட்டரை எங்க வாசல் செம்பருத்திச் செடியில மோதித்தான் நிறுத்தினாங்க. உக்காந்து டீ குடிச்சாங்க. அப்பாகிட்ட தோட்டத்துக் கதை கேட்டாங்க. அப்பாவுக்கு அதைவிட என்ன வேணும்? பால்மரம், வெள்ளைக்காரத் துரை, மழைநாளு, பாம்பு, எல்லாம் சொன்னாரு. மத்தியானம் பூரா ரெண்டு பேரும் சிரிப்பு. தம்பியைப் பத்தி ஒரு வார்த்தை? ம்ஹூம். எனக்கு வந்த கோவத்துக்கு அவங்களை அப்படியே ஸ்கூட்டரோட தள்ளி விட்டிருப்பேன்.

"நீங்க வந்ததே வீண்!"னு வாசல்ல வச்சுக் கத்தினேன்.

"உங்கப்பா எல்லாரைப் பத்தியும் பேசினாரு," அக்கா நிதானமாச் சொன்னாங்க. "அந்தத் தோட்டத்துக் கோயில் தலைவர் பேரு வந்தா மட்டும் டீ குடிச்சாரு. கப்பு காலியா இருந்துச்சு, அப்பவும் குடிச்சாரு. யாருலா அது?"

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அந்த மனுசன் அந்தக் காலத்துல மரம் வெட்டுறவரு, அதாவது பாலெடுக்க ரப்பர் மரத்தைச் சீவுறவரு. ஒருநாள் கள்ளு குடிச்சிட்டு வேலைக்கு வந்தாருன்னு, சனம் பூரா பாக்க அப்பா அவரை வரிசையை விட்டு விரட்டினாரு. "குடிகாரனுக்கு என் வரிசையில இடமில்ல"ன்னு சொன்னாரு. அவரு திருந்தி, நல்லா வாழ்ந்து, இப்ப அங்கேயே கோயில் தலைவர். தோட்டம் போனாலும் மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லாரும் எங்கெங்க இருந்தோ வந்து கூடுவாங்க. தம்பி புடிபட்டதுல இருந்து அப்பா அந்தத் திருவிழாவுக்குப் போகல. அவரு முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு வெக்கம். வெளிய காட்டிக்கிட்டது கோவம்.

அக்கா சிலிம் ரிவருக்கு பஸ் ஏறிட்டாங்க. ஜெபமாலையைப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டு மாரியம்மன் கோயில் தலைவரைப் பாக்கப் போனது ஈப்போவுலயே இவங்க ஒருத்தராத்தான் இருக்கும். தலைவர் சிரிச்சாராம். "என்னை விரட்டினவருதாம்மா. அன்னிக்குச் சாயங்காலமே என் பொண்டாட்டிக்கு அரிசி கொடுத்து விட்டவரும் அவருதான். எனக்கு என்ன கோவம்? அவருதானே வர்றதில்ல?"

அடுத்த ஞாயித்துக்கெழமை அவரே வெத்தலைத் தட்டோட எங்க வீட்டு வாசல்ல நின்னாரு. "மண்டோரே, திருவிழாவுக்கு வரணும். முன் வரிசையில நாற்காலி போட்டு வைப்பேன்." அப்பா தட்டை வாங்கிக்கிட்டாரு. சாயங்காலம் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாரு. நான் உள்ள போயி அம்மாவைக் கட்டிப் புடிச்சிக்கிட்டேன்.

தலைவர் அக்காகிட்டயும் ஒரு உதவி கேட்டிருந்தாரு. திருவிழாவுக்கு இளவட்டமெல்லாம் வரும், போதையைப் பத்தி நாலு வார்த்தை பேசணும்னு. "பேசினா எவன் கேப்பான்? நாடகம் போடுவோம்"னுட்டாங்க அக்கா. மூளைக்குள்ள நடக்கறதையே நாடகமா எழுதினாங்க. சந்தோசச் செல்லு ஒரு ஆட்டக்காரி. காவல் செல்லு ஒரு மண்டோர், கையில விசிலு. அவன் ஊதினா அவ நிப்பா. தூள் ஒரு மைனர். சாவியோட வந்து மண்டோரைத் தூங்க வச்சுருவான்.

"அக்கா, மண்டோரைப் போடாதீங்க, போலீஸ்காரனைப் போடுங்க"ன்னு நான் தலையில அடிச்சிக்கிட்டேன்.

"தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச காவல்காரன் மண்டோர்தானே? டக்குனு புரியும்லா."

"புரிஞ்சுருமேன்னுதான் எனக்குப் பயமே!"

கடலையை வாயில போட்டுக்கிட்டாங்க. டவுன்ல பொறந்து வளந்தவங்க, அவங்களுக்கு எங்க தெரியும்? ஆட்டக்காரிக்கு ஒரு நர்ஸ் பொண்ணு கெடைச்சா. தூள் வேசத்துக்குத் தம்பி தானே வரேன்னான். "அவனை நீ போதும் போதும்னு பாத்துட்ட. நீ மண்டோரா வா"ன்னாங்க அக்கா. அப்பாவுக்கு முன்னால நிக்க மாட்டேன்னு அவன் பின்வாங்கினான். "நீ எங்க நிக்கப் போற? நிக்கப் போறது மண்டோர்"னு ஒத்துக்க வச்சாங்க. தூளுக்கு ஆளில்ல. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எனக்கு மீசை வரைஞ்சாங்க.

திருவிழா அன்னிக்கு மத்தியானம், சாமி புறப்பாடு சாயங்காலம்தான், தோட்டத்து மண்டபத்துல கூட்டம் நெரியுது. அப்பா முன் வரிசையில, தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில. நான் பளபளன்னு ஒரு சட்டை, கறுப்புக் கண்ணாடி, பெரிய அட்டைச் சாவியோட தட்டிக்குப் பின்னால வேர்த்துக் கொட்டிக்கிட்டு நிக்கிறேன். அக்கா மேடை ஓரத்துல மைக்கோட.

தம்பி காக்கிக் கால்சட்டை போட்டு மேடைக்கு வந்தான். தலையில அப்பாவோட தொப்பி. வீட்டுல இருந்து கொண்டாந்தது அம்மா வேலை. அப்பா நாற்காலி நுனிக்கு வந்துட்டாரு. தம்பி அவரு பக்கம் திரும்பவே இல்ல. விசிலு ஊதினான்; ஆடப் போன பொண்ணு நின்னுட்டா. மறுபடி ஆடப் போனா, மறுபடி விசிலு. கூட்டத்துல முணுமுணுப்பு. அப்பத்தான் நான் நுழைஞ்சேன். மண்டோரோட நெஞ்சுல சாவியை வச்சுத் திருப்பினேன். அக்கா மைக்குல, "பின்கதவு தொறக்குது... முன்கதவு மூடுது..."ன்னாங்க. தம்பி கொட்டாவி விட்டான். விசிலு கீழ விழுந்துச்சு. சுருண்டு படுத்துக் கொறட்டை விட்டான்.

அவ்வளவுதான். மண்டபம் பிச்சுக்கிட்டுச்சு!

விசிலு, கைத்தட்டு, "தூங்குடா மண்டோரே, நல்லாத் தூங்கு!" காலங்காலமா விடியறதுக்கு முந்தி மண்டோர் போட்ட சத்தத்துல எந்திரிச்ச சனம் இல்லையா? மண்டோரை மேடையில ஒருத்தன் தூங்க வச்சுட்டான்னா விடுவாங்களா? ஒரு கிழவி எந்திரிச்சு நின்னு எனக்குத் திருஷ்டி கழிச்சாங்க. "தூளண்ணே வாழ்க!"ன்னு இளவட்டம் கத்துது. ஒருத்தர் ஓடி வந்து எனக்குத் துண்டு போத்தினாரு. போதை ஒழிப்பு நாடகத்துல போதைக்குப் பொன்னாடை! உலகத்துல வேற எங்கயாவது நடந்திருக்குமா?

நான் அக்காவைப் பாத்தேன். சிரிச்ச மூஞ்சி செத்துப் போச்சு. அப்பாவைப் பாத்தேன். தலையைக் குனிஞ்சு தன்னோட செருப்பைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரு எந்திரிச்சுப் போயிட்டா எல்லாம் போச்சு. இனி தம்பி இருக்கற பக்கமே வர மாட்டாரு. நான் கைய ஆட்டி ஆட்டி, "சிரிக்காதீங்க, நான் கெட்டவன்!"னு கத்தறேன். அதுக்கும் சிரிக்கிறாங்க.

நாடகப்படி தூள் போகணும், மண்டோர் எந்திரிக்கணும். நான் போனேன். "போகாத தூளண்ணே!"ன்னு சனம். தம்பி எந்திரிச்சான். விசிலை எடுத்து ஊதினான். கூட்டம் ஊன்னுச்சு. மறுபடி ஊதினான், இன்னும் பெருசா ஊன்னுச்சு. அவன் விசிலைப் பாக்கெட்டுல போட்டுட்டு மேடை முன்னுக்கு வந்தான். அக்கா எழுதிக் கொடுத்ததுல அப்படி ஒண்ணும் இல்ல.

"நல்லா சிரிங்க," அவன் சொன்னான். "நானும் சிரிச்சேன். எனக்குள்ள இந்த மண்டோர் தூங்கினப்போ நானும் கைதட்டினேன். என்னைப் பாத்தா தெரியலையா, நான் யாரு பிள்ளைன்னு? தூள் அடிச்சுப் புடிபட்டவன் நான்தான்."

முன் வரிசையில சத்தம் நின்னுச்சு. பின்னால இன்னும் ரெண்டு பேரு சிரிச்சாங்க, அப்புறம் அவங்களும் நிறுத்திட்டாங்க.

"தூள் போன அன்னிக்கு, விடியறதுக்கு முந்தி இவன் எந்திரிச்சான். எந்திரிச்சு பெரட்டு வச்சான்." பெரட்டுன்னா தோட்டத்துல வேலைக்குப் போறதுக்கு முந்தி வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்பிடறது, அங்க இருந்த எல்லாருக்கும் அது ரத்தத்துல ஊறினது. "என் எலும்பைத்தான் கூப்பிட்டான். முதுகு! முழங்கால்! வயிறு! ஒண்ணொண்ணா எந்திரிச்சு வந்து என்னை அடிச்சுச்சு. பல்லு, கண்ணு, தோலு, ஒண்ணையும் விடல. நான் இவனைத் திட்டினேன். இவன்தான் எதிரின்னு நினைச்சேன். இவன் நல்லவன்ங்க. இவன் நின்னாத்தான் மத்ததெல்லாம் நிதானமா ஓடும். இவனை இப்படி ஆக்கினது நான்."

திரும்பவும் பெரட்டு கூப்பிடற மாதிரி, "முதுகு, முழங்கால், வயிறு, கையி"ன்னு கடகடன்னு சொல்லிக்கிட்டே போனான். நான் தட்டிக்குப் பின்னால மீசை அழிய அழுதுக்கிட்டு நின்னேன்.

"டேய், நிறுத்துடா!"

அப்பா. நாற்காலியை விட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. அந்தக் குரலைக் கேட்டு மண்டபத்துல பாதிப் பேரு, பழக்கதோசம், நிமிந்து நின்னுட்டாங்க.

"அப்படியாடா பெரட்டு கூப்பிடறது? ஒரு பேரைக் கூப்பிட்டா, பதில் வர்ற வரைக்கும் நிக்கணும். பதில் வராத ஆளை விட்டுட்டு அடுத்த பேருக்குப் போறவன் மண்டோரே இல்ல..."

சொல்லிட்டு அப்பா அப்படியே நின்னாரு. அவரு சொன்னது அவரு காதுலயே அப்பத்தான் விழுந்த மாதிரி இருந்துச்சு. பக்கத்துல கோயில் தலைவர் தரையைப் பாத்துக்கிட்டு, மெதுவா, "கூப்பிடுங்க மண்டோரே"ன்னாரு.

அப்பா மேடையை நிமிந்து பாத்தாரு. அப்புறம் அந்தக் காலத்துக் குரல்ல, காட்டுக்கு அந்தப் பக்கம் கேக்கற மாதிரி கூப்பிட்டாரு.

"மணியம்!"

தம்பி வாயைத் தொறந்தான், மூடினான். அப்பா நின்னாரு. அடுத்த பேருக்குப் போகல.

"இருக்கேம்ப்பா."

"அது என் தொப்பி," அப்பா சொன்னாரு. "வீட்டுல எங்க இருந்து எடுத்தியோ அங்கேயே கொண்டாந்து மாட்டு."

"நான் எடுக்கலப்பா. அம்மாதான்..."

"யாரு எடுத்தா என்னடா? நீ வந்து மாட்டு!"

மேடை ஓரத்துல அக்கா, மைக்கு போட்டிருக்குங்கறதையே மறந்துட்டு, மூக்கை உறிஞ்சினாங்க. மண்டபம் முழுக்கக் கேட்டுச்சு.